இரண்டு ஊர் மருந்துச் சீட்டு

பிழைப்புக்காக மைசூருக்கு வந்து தங்கிவிட்ட நம் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்து போவது வழக்கம். துணிப்பையோடு மாத்திரைப் பையும் கூடவே வரும். சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவும் அப்படித்தான் ஈரோட்டிலிருந்து வந்தார்கள்.

இரத்த அழுத்தத்துக்கு ஊர் டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். இங்கே ஒரு மருத்துவமனையில் காட்டியபோது இன்னொன்று எழுதினார்கள். அம்மா இரண்டையும் சாப்பிட்டார்கள். சில வாரங்களில் கால்கள் வீங்கின. வீக்கத்துக்கு நீர் மாத்திரை சேர்ந்தது. பிறகு தலைசுற்றல், ஒருநாள் குளியலறையில் விழுந்தே விட்டார்கள். "இத்தனை மருந்து சாப்பிட்டும் சரியாகலையேப்பா" என்றார்கள். அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். கம்பெனிப் பெயர்தான் வேறு; இரண்டிலும் இருந்தது ஒரே அம்லோடிபின்! அளவு கூடினால் கால் வீக்கம் தருகிற மருந்து அது. டாக்டரிடம் காட்டினேன். ஒன்றை நிறுத்தினார்; வீக்கம் வடிந்தது; நீர் மாத்திரையும் நின்றது.

நோயாளியின் தேவைக்கேற்ற மருந்து, சரியான அளவில், உரிய காலத்துக்கு, குறைந்த செலவில் கிடைக்க வேண்டும் என்று 1985-இல் நைரோபியில் கூடிய உலக சுகாதார நிறுவன மாநாடு வரையறுத்தது. மருந்துச் சீட்டை அளக்க 1993-இல் ஐந்து அளவுகோல்கள் வந்தன: சீட்டுக்கு எத்தனை மருந்து, மூலப்பெயரில் எழுதியவை எத்தனை, ஆன்டிபயாடிக் எத்தனை பேருக்கு, ஊசி எத்தனை பேருக்கு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ளவை எத்தனை.

நம் மைசூரு ஜே.எஸ்.எஸ். மருத்துவமனையில் மருந்தியல் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் வார்டுக்கே சென்று சீட்டுகளைச் சரிபார்ப்பதும் இந்த அக்கறையால்தான்.

ஆனால் அம்மாவின் சீட்டுகளைத் தனித்தனியே அளந்தால் இரண்டிலும் குற்றம் இராது. சேர்த்து வைத்தால்தான் பிழை தெரியும். அந்த இரண்டு சீட்டும் ஒன்றாக இருந்தது எங்கள் வீட்டில் மட்டுமே. டாக்டர் கேட்கவில்லை என்பது உண்மை. நான் காட்டவில்லை என்பதும் உண்மை.

ஆகவே டாக்டரிடம் போகும்போது பழைய அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கம்பெனிப் பெயரோடு அச்சிட்டிருக்கும் மூலப்பெயரையும் ஒப்பிடுங்கள். கடைக்காரர் கன்னடத்தில் சொல்வதை உறையின் மேல் தமிழில் எழுதிக் கொடுங்கள். புதிய தொல்லை வந்தால், "இது மருந்தால் வந்ததா?" என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. பெற்றவர்களுக்கு நாம் செய்யும் கடமை.