புரோகிராமர் வேலை: இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள்

"ஐந்து ஆண்டு கழித்து எங்கே இருப்பீர்கள்?" ஐ.டி. கம்பெனி இன்டர்வியூவில் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. நம் குடியிருப்புகளிலிருந்து படித்துப் போகும் பிள்ளைகள் பலருக்கு இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. கம்பெனிக்குச் சொல்வது ஒன்று, மனதில் இருப்பது ஒன்று. அப்பாவின் வட்டிக்கடனை அடைக்க வேண்டும், தங்கையைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும், ஒழுகாத கூரை போட வேண்டும். இவையும் லட்சியங்கள்தான். சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

கடன் அடைந்ததும் ஆசையும் அடங்கிவிடுகிறதே என்பதுதான் நம் கவலை. கிடைத்த வேலையைக் காப்பாற்றினால் போதும் என்று ஒதுங்கிவிடுகிறோம். அதற்குக் காரணமும் உண்டு. இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் முதல் பட்டதாரி சலுகையும் நம்மைப் பொறியியல் கல்லூரிவரை கொண்டுவந்து சேர்த்தன. அதற்கப்பால் தனியார் துறை. அங்கே இட ஒதுக்கீடு இல்லை. பல கம்பெனிகளில் உள்ளே இருப்பவர் கைகாட்டும் ஆளுக்கு முதலில் அழைப்பு வருகிறது. 'ரெஃபரல்' என்பார்கள். தெருவிலேயே முதலில் படித்த பிள்ளைக்குக் கைகாட்ட யார் இருக்கிறார்கள்?

உள்ளே போன பிறகும் சாதி விடுவதில்லை. தலித் பொறியாளர் ஒருவரை மேலதிகாரிகள் சாதி காரணமாக ஒதுக்கினர் என்று 2020இல் சிஸ்கோ நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அரசுத் துறை வழக்குத் தொடுத்தது. நிறுவனம் அதை மறுத்தது. அதிகாரிகள் இருவர் மீதான வழக்கு 2023இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டு சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை விதித்தது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல்.

குடும்பச் சுமையால் லட்சியம் தள்ளிப்போவது நமக்குப் புதிதல்ல. உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் அண்ணல் அம்பேத்கர் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பம்பாயில் கல்லூரிப் பேராசிரியராகி, சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பரிடம் வாங்கிய கடன், இவற்றோடு 1920இல் மீண்டும் கப்பலேறினார். 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். இடையில் வீட்டையும் பார்த்தார், லட்சியத்தையும் விடவில்லை.

மாணவர்களே, நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் வீட்டுக்கான லட்சியங்கள், மற்றதில் உங்களுக்கானவை. ஒவ்வொன்றுக்கும் நேரே ஆண்டைக் குறியுங்கள். டெஸ்டிங் வேலையில் சேர்ந்தால், எந்த ஆண்டில் நிரல் எழுதும் பிரிவுக்கு மாறுவது, எந்த ஆண்டில் குழுவை நடத்துவது என்று எழுதுங்கள். பைத்தான் மொழியை இணையத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களும் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். பக்கத்துப் பால் சங்கத்தின் வரவு செலவுக்கு ஒரு சின்ன நிரல் எழுதிப் பாருங்கள். இன்டர்வியூவில் எடுத்துக் காட்ட உங்கள் கையால் செய்த ஒன்று இருக்கும்.

ஏற்கெனவே வேலையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் தங்கள் நோட்டில் இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும்: ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்காவது ரெஃபரல் கொடுப்பேன். அந்தப் பிள்ளையின் ஆங்கிலத் தயக்கம் போகும்வரை ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் போனில் பேசினாலே பெரிய உதவி. நமக்கு யாரும் கைகாட்டவில்லை என்பது உண்மைதான். அடுத்து வரும் பிள்ளையும் அதையே சொல்லும்படி விடக்கூடாது.