கட்டைகளுக்கும் உயிர் கொடுக்கலாம்!

பல்கலைக்கழகக் கலை இரவு என்றாலே மேடையின் ஓரத்தில் ஒரு கீபோர்டு இருக்கும். புல்லாங்குழல், வயலின், வீணை, மேளம் எல்லாமே அந்த ஒன்றுதான். வேறு வாத்தியக்காரர்கள் கிடைக்காத வேளையில் நமக்குக் கைகொடுப்பதும் அதுவே. ஆனால், பாட்டு முடிந்ததும் "சுருதி சரி, தாளமும் சரி, இருந்தாலும் கைத்தொலைபேசி மணி அடித்த மாதிரி இருந்தது" என்று யாராவது சொல்வதைக் கேட்டிருப்போம்.

குறை கருவியிலா, வாசிப்பவரிடமா? விலை உயர்ந்த கீபோர்டு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். 2005-இல் வெளிவந்த யமஹா டைரோஸ் 2 போன்ற கருவிகள், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஓசையைத் தாமே சேர்த்துக் கொடுக்கின்றன. ஆயினும், சங்கத்து அறையில் இருக்கும் சாதாரண அரேஞ்சர் கீபோர்டிலேயே நாம் இன்னும் தொடாத வசதிகள் ஏராளம்.

குறை எங்கே?

பியானோவில் கட்டையை அழுத்திய பிறகு அந்த ஒலியின் அளவையோ சுருதியையோ நம்மால் மாற்ற முடியாது. அது தானாகத் தேய்ந்து மறையும். புல்லாங்குழலும் வயலினும் அப்படியல்ல. ஊதத் தொடங்கிய பிறகும், வில்லை வைத்த பிறகும் ஒலி வளர்கிறது, நெளிகிறது, அடங்குகிறது. நாம் புல்லாங்குழல் ஒலியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பியானோ போல வாசிக்கிறோம். சிக்கல் இங்கேதான் பிறக்கிறது.

இது பழைய வழக்குதான். 1940-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்திற்குத் தடை விதித்தது. கட்டைகளுக்கு இடைப்பட்ட நுண்ணிய சுருதிகளை அதில் கொண்டுவர முடியாது என்பது அன்று சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஆர்மோனியத்திற்கு இல்லாத ஒரு வசதி கீபோர்டுக்கு உண்டு. அதுதான் இடப்பக்கத்தில் இருக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம். 1983-இல் அறிமுகமான மிடி விதிமுறை இந்தச் சக்கரத்தின் அசைவுக்கு 16,384 படிகளை ஒதுக்கியுள்ளது. சென்னையைச் சேர்ந்த கீபோர்டு சத்யா (கே. சத்தியநாராயணன்) முழுநீளக் கர்நாடக இசைக் கச்சேரிகளையே கீபோர்டில் வாசித்து வருகிறார் என்பதை நினைவில் கொள்ளலாம்.

இடக்கைக்கு இரண்டு வேலை

"இடக்கை கார்டு பிடிக்க வேண்டுமே, சக்கரத்தை யார் தொடுவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால், பெரும்பாலான அரேஞ்சர் கீபோர்டுகளில் கார்டை ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுத்தாலும், அடுத்த கார்டு வரும்வரை பின்னணி இசை அதே கார்டில் தொடரும். ஆகவே, தாளவட்டத்தின் முதல் அடியில் கார்டைத் தொட்டுவிட்டு, உடனே கையைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்லுங்கள். இந்த ஒரு பழக்கமே வாசிப்பைப் பெரிதும் மாற்றிவிடும்.

சக்கரத்தின் எல்லையை இரண்டு அரைச்சுரங்களாக வைத்துக் கொள்ளுங்கள். தோடி ராகத்தை எடுத்துக் கொள்வோம். 'சி' கட்டையை ஸட்ஜமாகக் கொண்டால், அதன் காந்தாரம் 'ஈ பிளாட்'. அதை வெறுமனே அழுத்தினால் தோடி கேட்காது. அந்தக் காந்தாரம் அசைய வேண்டும். 'ஈ பிளாட்' கட்டையை அழுத்தியபடியே சக்கரத்தை முழுவதும் மேலே தள்ளினால் மத்திமமாகிய 'எஃப்' ஒலிக்கும். அவ்வளவு தூரம் தொட்டும் தொடாமலும் மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள். இரண்டாவது கட்டையை அழுத்தவே கூடாது.

ஓர் எச்சரிக்கை: சக்கரத்தைச் சட்டென்று விட்டால் அது துள்ளி நடுவுக்கு வரும், சுருதியும் துள்ளும். விரலோடு சேர்த்து மெதுவாகக் கொண்டு வாருங்கள்.

காலும் மூச்சும்

அழுத்தும் வேகத்தை 127 அளவுகளாகப் பிரித்தறிய மிடி முறை இடம் தருகிறது. பலருடைய கருவியில் இந்தத் தொடு உணர்வு அணைக்கப்பட்டே கிடக்கும். முதலில் அதை இயக்குங்கள். எக்ஸ்பிரஷன் பெடல் பொருத்தும் வசதி இருந்தால், நீண்ட சுரத்தை மெதுவாகத் தொடங்கி வளர்த்து அடக்கலாம். வயலின் வில்லின் வேலையை அப்போது உங்கள் கால் செய்கிறது. சஸ்டெயின் பெடல் பியானோ ஒலிக்கு உரியது. புல்லாங்குழலுக்கு அதை மிதித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

குழல் ஊதுபவருக்கு மூச்சு வாங்க வேண்டும், கீபோர்டுக்கு வேண்டியதில்லை. அதனால்தான் நாம் இடைவெளியே இல்லாமல் வாசித்துத் தள்ளுகிறோம். வாசிக்கும் வரியை வாய்க்குள் பாடிக்கொண்டே வாசியுங்கள். உங்களுக்கு மூச்சு வாங்கும் இடத்தில் விரலையும் எடுங்கள். ஒரு குழலில் மூன்று சுரங்களை ஒரே நேரத்தில் ஊத முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். மாடுலேஷன் வசதி இருப்பின், அந்த அதிர்வைச் சுரத்தின் தொடக்கத்தில் தராமல் அதன் பிற்பகுதியில் மட்டும் தாருங்கள்.

பின்னணி அடங்கட்டும்

மேடையில் நாம் அதிகம் செய்யும் தவறு, பல்லவி முதல் முடிவு வரை ஒரே ஸ்டைலை ஓடவிடுவது. சரணத்தில் எளிய வேரியேஷனுக்கு மாறுங்கள்; பாடகர் உருகிப் பாடும் இடத்தில் டிரம்ஸை நிறுத்திவிட்டு பேஸை மட்டும் வைத்துப் பாருங்கள். தபேலாவோ மிருதங்கமோ வாசிக்கும் நண்பர் இருந்தால் இயந்திரத் தாளத்தை முழுவதும் அணைத்துவிட்டு அவரை அருகில் அமர்த்துங்கள். இயந்திரம் பாடகருக்காகக் காத்திருக்காது, நண்பர் காத்திருப்பார்.

இத்தனையையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இன்று நன்கு தெரிந்த ஒரு பாட்டின் ஒரே ஒரு வரியை எடுத்துக் கொள்ளுங்கள். ஸ்டைல் வேண்டாம், கார்டு வேண்டாம்; வலக்கையும் சக்கரமும் மட்டும் போதும். அந்த வரியைக் கண்ணை மூடிக் கேட்பவருக்குச் சொற்கள் நினைவுக்கு வரும்வரை வாசியுங்கள். அடுத்த கலை இரவில் மேடையின் ஓரத்திலிருந்து ஒலிப்பது நம் மூச்சாக இருக்கட்டும்!