முன்னின்று தீர்த்துத் தருகிறேன்

செஞ்சியில் மனை வாங்குபவர், பத்திர எழுத்தர் வாசிக்கும்போது நான்கெல்லையைக் காது கொடுத்துக் கேட்பார். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் நிறுத்தச் சொல்வார். அடுத்து வரும் வரியை எழுத்தர் மூச்சு விடாமல் வாசித்துத் தள்ள, இவர் தலையாட்டிவிடுவார்: ‘மேற்படி சொத்தில் பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் தெரியவந்தால், அதை என் சொந்தச் செலவிலும் பொறுப்பிலும் முன்னின்று தீர்த்துக் கொடுக்க உறுதி கூறுகிறேன்.’

விவகாரம் வந்தால் கையில் மிஞ்சும் ஆயுதம் இந்த வரிதான். சட்டத்தில் இதன் பெயர் இண்டெம்னிட்டி. ‘சேதமில்லாத’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஈட்டுறுதி என்று தமிழில் எழுதுகிறார்கள். கோர்ட்டு வாசலில் அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எல்லாவற்றையும் இழப்பீடு என்றே சொல்லிவிடுவதால் குழப்பம். சேதம் நடந்தபின் கணக்குப் பார்த்துத் தருவது நஷ்ட ஈடு. ‘வந்தால் நான் பொறுப்பு’ என்று முன்பே எழுதிக் கொடுப்பது ஈட்டுறுதி. சாலைக்கு நிலம் எடுத்தால் அரசு தருவது முதல் வகை. அந்தப் பணத்தை வாங்கும் வாரிசு, ‘நாளை வேறு பங்காளி வந்து கேட்டால் திருப்பித் தருகிறேன்’ என்று பத்திரம் எழுதிக் கொடுத்தால் அது இரண்டாவது.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 124-ஆவது பிரிவு, வாக்குக் கொடுத்தவராலோ வேறொருவராலோ வரும் நஷ்டத்தை மட்டுமே சொல்கிறது. புயலும் மின்னலும் அதில் இல்லை. 125-ஆவது பிரிவில்தான் வாங்கியவருக்கு வேலை இருக்கிறது. வழக்கில் கட்ட நேர்ந்த தொகை, வழக்குச் செலவு, சமாதானமாகப் போகக் கொடுத்த பணம் மூன்றையும் கேட்கலாம். ஆனால் விற்றவர் வேண்டாமென்று சொன்னதை மீறியிருக்கக் கூடாது. விவேகமுள்ளவர் செய்வதைத்தான் செய்திருக்க வேண்டும். அதனால் மனையில் பங்கு கேட்டு யாரோ ஒரு பங்காளியின் வக்கீல் நோட்டீஸ் வந்தால், அன்றே விற்றவருக்கும் ஒரு நோட்டீஸ் போக வேண்டும். தானாகப் பேசி முடித்துவிட்டுப் பிறகு பணம் கேட்டால் இழுபறிதான்.

கைக்காசு போகும்வரை காத்திருக்க வேண்டுமா? சட்டத்தில் இதற்குத் தெளிவான வரி இல்லை. 1942-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் கஜானன் மோரேஷ்வர் வழக்கை விசாரித்த நீதிபதி சாக்ளா, தேவையில்லை என்றார். கடன் பொறுப்பு உறுதியாகிவிட்டால், கட்டுவதற்கு முன்பே அதிலிருந்து விடுவிக்கும்படி கேட்கலாம். அதுவும் ஒரு மனை வழக்குதான்.

‘ரிஜிஸ்டரே ஆகிவிட்டதே, பிறகென்ன பயம்?’ என்பார்கள். விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரின் வேலையல்ல என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவு முத்திரை உரிமைக்கு உத்தரவாதமில்லை.

செஞ்சிக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. அந்த வரிசையின் 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றே. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது; அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வேண்டும். வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். இந்தத் தடை அதில் வராது.

‘முன்னின்று தீர்த்துக் கொடுக்க’ எழுதியவர் இதைத் தீர்த்துவிட முடியுமா? சொத்து மாற்றுச் சட்டம், சாதாரணக் கவனத்தில் தெரியாத குறையைத்தான் விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. கோட்டை நிற்கும் ராஜகிரி மலை எனக்குத் தெரியவில்லை என்று எந்த நீதிபதியிடம் சொல்வது? அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சர்வே எண்ணுடன் தொல்லியல் துறையில் போய்க் கேட்டுவிடுவது நல்லது.