தாயின் அயர்வும் இரும்புச் சத்தும்

நாட்டின் உற்பத்தித் திறனைப் பற்றிப் பேசும்போது ஆலைகளையும் மின் நிலையங்களையும் கணக்கில் கொள்கிறோம். வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் படுக்கும் பெண்ணின் உடலில் எஞ்சியிருக்கும் ஆற்றலை அவ்வாறு கணக்கிடுவதில்லை. சான்பாடாவில் விடியுமுன் சமைத்து முடித்து, செம்பூருக்கோ மாதுங்காவுக்கோ ரயிலேறும் தாய், "உடம்பு அசதியாக இருக்கிறது" என்கிறாள். வகுப்பில் கண்ணயரும் அவளுடைய மகளைச் சோம்பேறி என்கிறோம். இவ்விருவரின் அயர்வுக்கும் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் மிகப் பரவலானதும், எளிதில் நீக்கக்கூடியதும் இரும்புச் சத்துக் குறைவேயாகும்.

பம்பாயில் நடந்த ஆய்வு

இரத்தசோகையின் வரலாற்றில் மும்பைக்குத் தனி இடம் உண்டு. 1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். கருவுற்ற நெசவாலைத் தொழிலாளப் பெண்களிடம் காணப்பட்ட கடும் இரத்தசோகைக்குக் காரணம் அறிவது அவரது பணி. பரேலில் உள்ள ஹாஃப்கின் ஆய்வு நிலையத்தில் அவர் உழைத்தார். குன்னூரிலும் ஆய்வு செய்தார். 1931-இல் சென்னைத் திருவல்லிக்கேணியின் கோஷா மருத்துவமனையிலும், அதாவது இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும், பணியாற்றினார். இந்நோய்க்குக் கிருமி காரணமன்று, குறைந்த உணவே காரணம் என்பதை அவர் கண்டார். ஈஸ்டிலிருந்து எடுக்கப்பட்ட 'மார்மைட்' என்னும் மலிவான உணவுப் பொருள் அப்பெண்களைக் குணப்படுத்தியது. இம்முடிவை 1931-இல் வெளியிட்டார். அப்பொருளில் இருந்த, அன்று பெயரறியாத சத்தே பின்னர் ஃபோலிக் அமிலம் என அறியப்பட்டது.

இன்று அரசு வழங்கும் மாத்திரையில் இரும்புடன் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருப்பதன் காரணம் இதிலிருந்து விளங்கும். இரத்தத்தின் சிவப்பணுக்கள் உருவாவதற்கு இரண்டும் வேண்டும். ஒன்று குறைந்தால் மற்றொன்று மட்டும் போதாது.

அயர்வு எவ்வாறு தோன்றுகிறது?

உடலிலுள்ள இரும்பின் பெரும்பகுதி சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. நுரையீரல் பெறும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது அதுவே. ஒரு பகுதி இரும்பு தசைகளிலும், உயிரணுக்களுக்குள் உணவைச் சக்தியாக மாற்றும் நொதிகளிலும் பணியாற்றுகிறது. எனவே, ஹீமோகுளோபின் அளவு இயல்பாக இருக்கும்போதே, சேமிப்பில் இருக்கும் இரும்பு வற்றிப்போனால் அயர்வும் கவனக் குறைவும் தோன்றலாம். இரத்தசோகை என்பது இக்குறைபாட்டின் முதற்படியன்று, முற்றிய படியாகும்.

பெண்களுக்கு இக்குறை மிகுவதற்குக் காரணம் வரவு செலவுக் கணக்கிலேயே உள்ளது. மாதவிடாயில் ஒவ்வொரு மாதமும் இரும்பு வெளியேறுகிறது. வளரிளம் பருவத்தில் உடல் விரைந்து வளர்வதால் தேவையும் கூடுகிறது. ஒரு பேறுகாலம் முழுவதற்கும் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்பு உணவில் இருத்தல் வேண்டும்; பெண்ணுக்கு 29 மில்லிகிராம், 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு 32 மில்லிகிராம். ஆனால் நமது பெரும்பாலான வீடுகளில் தேவை கூடியவளே கடைசியில், எஞ்சியதை உண்கிறாள்.

புள்ளிவிவரங்கள் கூறுவது

கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாத்திரை வழங்கும் தேசியத் திட்டம் 1970-இல் தொடங்கியது. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது தாராவியும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. 2018-இல் 'இரத்தசோகையற்ற பாரதம்' என்னும் திட்டம், இக்குறைபாட்டை ஆண்டுக்கு 3 சதவீதப் புள்ளிகள் குறைக்க இலக்கு வகுத்தது. எனினும், 15 முதல் 49 வயதுப் பெண்களிடையே 2015-16-இல் 53 சதவீதமாக இருந்த இரத்தசோகை, 2019-21-இல் 57 சதவீதமாயிற்று என்று தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. 15 முதல் 19 வயதுப் பெண்களிடையே அது 59 சதவீதம்.

இவ்வெண்களைக் கவனத்துடன் படித்தல் வேண்டும். அக்குடும்பநல ஆய்வில் விரல்நுனி இரத்தம் சோதிக்கப்பட்டது. சிரையிலிருந்து எடுத்த இரத்தத்தைச் சோதித்த 2016-18-ஆம் ஆண்டுத் தேசிய ஊட்டச்சத்து ஆய்வோ, வளரிளம் பெண்களில் 40 சதவீதத்தினரிடமும், ஆண் பிள்ளைகளில் 18 சதவீதத்தினரிடமும் மட்டுமே இரத்தசோகை கண்டது. அளக்கும் முறை மாறினால் அளவும் மாறுகிறது. ஆயினும் பெண்ணுக்கும் ஆணுக்கும் உள்ள இடைவெளி இவ்வாய்விலும் மறையவில்லை.

மாத்திரையும் தட்டும்

வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நீல மாத்திரையும், கருவுற்ற தாய்க்கு 180 நாள்கள் தினம் ஒரு சிவப்பு மாத்திரையும், பேற்றுக்குப் பின் மேலும் 180 நாள்களுக்கு மாத்திரைகளும் வழங்கப்படுகின்றன. குடற்புழு நீக்க மருந்து ஆண்டுக்கு இருமுறை தரப்படுகிறது. வழங்கியது பதிவேட்டில் ஏறுகிறது, விழுங்கியது ஏறுவதில்லை. மாத்திரை உண்டால் குமட்டலாம், மலம் கறுக்கலாம். இது தீங்கற்றது என்று முன்பே சொல்லாவிட்டால், அஞ்சிய தாய் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவாள். இரவு உணவுக்குப் பின் உட்கொண்டால் தொல்லை குறையும் என்ற ஒரு சொல், நூறு மாத்திரைகளை வீணாகாமல் காக்கும்.

உணவிலும் அறிந்து செய்ய வேண்டியவை உள. நமது தானிய உணவிலுள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட உடல் ஏற்பதில்லை. கம்பிலும் கொண்டைக்கடலையிலும் 100 கிராமுக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உண்டு; தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கொண்டைக்கடலைச் சுண்டலிலோ, மும்பை மக்கள் காலையில் உண்ணும் அவல் உப்புமாவிலோ எலுமிச்சை பிழிந்தால் அதிலுள்ள இரும்பை உடல் கூடுதலாக ஏற்கும். உணவுடனோ அதையடுத்தோ தேநீர் அருந்தினால் அது தடைப்படும். ஒரு மணி நேரம் கழித்து அருந்துவதற்குச் செலவு ஏதுமில்லை. ஆட்டு ஈரல், மீன், இறைச்சி ஆகியவற்றின் இரும்பு எளிதில் சேரும். ஆயினும், கடும் இரத்தசோகையை உணவு மட்டும் தீர்க்காது. ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே சென்றால் மருத்துவமனைச் சிகிச்சை இன்றியமையாதது.

கடமை

பள்ளிக்குச் செல்லும் பெண்ணை மாத்திரை எளிதில் சென்றடையும். பள்ளியை விட்டு வீட்டு வேலையிலும் சிறு பட்டறைகளிலும் உழைக்கும் பெண்ணை அங்கன்வாடிப் பணியாளர் தேடிச் செல்ல வேண்டும். நாளைய தாய் அவளே. இரும்புச் சேமிப்பின்றிக் கருவுறுபவளுக்கு ஒன்பது மாதங்களில் ஈடுகட்டுவது கடினம். குறைப்பேறும் எடை குறைந்த குழந்தையும் அதன் விளைவுகளாகலாம். ஆகவே பேறுகாலப் பாதுகாப்பு பதினைந்து வயதிலேயே தொடங்குதல் வேண்டும். 'அசதி' என்று ஒரு பெண் சொன்னால் அதைக் குணக்குறையாகக் கொள்ளாமல், ஓர் இரத்தச் சோதனைக்கு வழிசெய்வதே அலுவலரும் ஆசிரியரும் ஆற்றத்தக்க முதற் பணியாகும்.