1772-ல் பகா எண், 2038-ல் சிக்கல்

இன்னைக்கு ஒரே ஒரு எண்: 2,147,483,647. நம்ம கணக்குல 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

31 இரண்டுகளைப் பெருக்கி, 1-ஐக் கழித்தால் இது வரும். இது பகா எண் என்று 1772-ல் ஆய்லர் நிரூபித்தார், கணினியே இல்லாமல். எப்படி? இதை ஒரு பகா எண் வகுக்கணும்னா, அந்தப் பகா எண்ணை 62-ஆல் வகுத்தால் மீதி 1 வரணும். அதனால அவர் சோதிக்க வேண்டிய எண்கள் ரொம்பக் குறைஞ்சுபோச்சு.

இப்போ கணினிக்கு வருவோம். 32 பிட்டில் ஒன்று, பிளஸ்ஸா மைனஸான்னு சொல்லவே போயிடும். மிச்சம் 31 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் இதுதான். 2014-ல் 'கங்னம் ஸ்டைல்' பார்வைகள் இந்த எல்லையை நெருங்கினப்போ, யூடியூப் 64 பிட்டுக்கு மாறியது.

அடுத்தது நேரம். பல பழைய கருவிகள் 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிகளை 32 பிட்டில் எண்ணுது. 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு இந்த எண் வந்துடும். அடுத்த விநாடி எண்ணிக்கை மைனஸுக்குத் தாவும். சரிசெய்யாத கருவி அதை 1901 டிசம்பர்னு படிக்கும்.

உங்க புது ஃபோனுக்குப் பயமில்ல. எங்கேயோ மாட்டிவிட்டு, யாரும் அப்டேட் செய்யாம மறந்துபோன கண்ட்ரோலர்கள்தான் கவலை. அதைத் தேடிப்பிடிச்சு மாத்துறதுதான் இப்போ வேலை.