களஞ்சியத்தின் முத்திரை

லினக்ஸ் கணினியில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் அதை இணையமெங்கும் தேடித் திரிய வேண்டியதில்லை. ‘களஞ்சியம்’ என்ற ஓரிடத்தில் ஆயிரக்கணக்கான மென்பொருட்கள் பொதி பொதியாக இருக்கும். ‘ஆப்ட்’ என்ற கருவியிடம் பெயரைச் சொன்னால் போதும். அந்தப் பொதியையும் அதற்குத் துணையான மற்றப் பொதிகளையும் அது எடுத்து வந்து நிறுவிவிடும். 1993இல் இயன் மர்டொக் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் வகையில் வளர்ந்த ஏற்பாடு இது. உபுண்டுவும் இதையே பின்பற்றுகிறது.

எங்கள் கணினி ஆய்வுகூடத்துக்கென ஒரு சிறிய களஞ்சியத்தை நான் பராமரித்து வருகிறேன். கணினிகள் இருபது; இணைய இணைப்போ ஒன்றுதான். ஒரே பொதியை இருபது தடவை இறக்கினால் டேட்டா தாங்குமா? ஒரு பழைய கணினியில் ஒரு தடவை இறக்கி வைத்தால் மற்றவை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். நாமே தயாரித்த பொதிகளையும் அதில் சேர்க்கலாம். தமிழ் எழுத்துருக்களையும் விசைப்பலகை அமைப்பையும் ஒரே பொதியாக்கி வைத்திருக்கிறேன். ‘ரெப்ரெப்ரோ’ என்ற இலவசக் கருவி இந்த வேலைக்குப் போதுமானது.

கோப்புகளை ஓரிடத்தில் போட்டு வைப்பதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றலாம். சிக்கல் நம்பிக்கையில் இருக்கிறது. ஒரு பொதி நிறுவப்படும்போது அதற்குக் கணினியின் முழு அதிகாரமும் கிடைக்கிறது. இடைவழியில் யாரேனும் பொதியை மாற்றி வைத்தால் கடவுச்சொற்களைத் திருடலாம், கோப்புகளை அழிக்கலாம், கேட்பாரில்லை.

பரீட்சை மண்டபத்தில் முத்திரையைப் பார்த்த பிறகுதானே வினாத்தாள் பொதியைத் திறக்கிறார்கள்? ஆப்ட்டும் அதையே செய்கிறது. ஒவ்வொரு பொதிக்கும் 64 எழுத்துகள் கொண்ட ‘ஹாஷ்’ ஒன்று கணக்கிடப்படுகிறது. பொதியில் ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் அடியோடு மாறிவிடும். எல்லாப் பொதிகளின் ஹாஷ்களும் ‘பாக்கேஜஸ்’ என்ற பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலின் ஹாஷ் ‘ரிலீஸ்’ என்ற கோப்பில் இருக்கும். களஞ்சியத்தை நடத்துபவர் தம் இரகசியச் சாவியால் கையொப்பமிடுவது இந்த ரிலீஸ் கோப்பில்தான். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி ஒவ்வொரு கணினியிலும் இருக்கும். ஒரே கையொப்பம் களஞ்சியம் முழுவதையும் காக்கிறது.

பிழைச் செய்திகள் பெரும்பாலும் இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்தது என்பதையே சொல்கின்றன. ‘நோ பப்கீ’ என்றால் பொதுச் சாவி அந்தக் கணினியில் இல்லை. பென் டிரைவில் கொண்டுபோய் வைத்து, இந்தச் சாவி இந்தக் களஞ்சியத்துக்கு மட்டுமே செல்லும் என்று எழுதிவிட வேண்டும். முன்பிருந்த ‘ஆப்ட்-கீ’ முறையில் சேர்க்கப்பட்ட சாவி எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லுபடியானது. அதனாலேயே அது கைவிடப்பட்டது. ‘ஹாஷ் சம் மிஸ்மெட்ச்’ என்றால் பட்டியல் ஒன்று சொல்கிறது, வந்த கோப்பு வேறொன்றாக இருக்கிறது. களஞ்சியம் புதுப்பிக்கப்படும் வேளையில் ஒரு கணினி இடையில் புகுந்தால் இப்படி நேரும். முதலில் பொதிகள், பிறகு பட்டியல், கடைசியில் ரிலீஸ் என்ற ஒழுங்கில் வெளியிட்டால் பெரும்பாலும் தப்பலாம்.

மிகவும் வேடிக்கையானது நேரம் பற்றிய பிழை. ‘இந்த ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று ஒரு கணினி அடம்பிடிக்கும். சாவி சரி, பட்டியல் சரி. பார்த்தால், தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற மின்கலம் தீர்ந்து, கணினியின் கடிகாரம் பல வருடங்கள் பின்னுக்குப் போயிருக்கும். அதன் கணக்கில் நான் இட்ட கையொப்பம் எதிர்காலத்தைச் சேர்ந்தது! மின்கலத்தை மாற்றி நேரத்தைத் திருத்தினால் பிரச்சினை தீர்ந்தது. இதற்கு எதிரான பிழையும் உண்டு. எங்கள் ரிலீஸ் கோப்புக்கு 30 நாள் ஆயுள் வைத்திருக்கிறேன். நோன்பு விடுமுறை முடிந்து ஆய்வுகூடத்தைத் திறந்தால் எல்லாக் கணினிகளும் ‘காலாவதி’ என்கின்றன. தொல்லைதான், ஆனாலும் அந்தக் கெடு வேண்டும். கெடு இல்லாவிட்டால், ஓட்டைகள் நிறைந்த பழைய பட்டியலை, உண்மையான கையொப்பத்தோடேயே, ஒருவர் நம் கணினிக்கு ஊட்டிவிட முடியும்.

இப்படிப் பிழை வரும்போதெல்லாம் களஞ்சியத்தின் வரியில் ‘டிரஸ்டட்’ என்று எழுதிவிடும்படி சொல்பவர்கள் இருக்கிறார்கள். எழுதினால் கையொப்பப் பிழை நிறுவலைத் தடுக்காது. முத்திரை பார்ப்பதும் அத்தோடு நின்றுவிடும். வீட்டுக் கணினியில் யாராவது அப்படிச் செய்து தந்திருந்தால், பெற்றோர் அந்த வரியை நீக்கச் சொல்வது நல்லது.

இரகசியச் சாவியை ஒரு பென் டிரைவில் இட்டு, கடவுச்சொல்லும் போட்டு, ஆய்வுகூட அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம். அதன் ஆயுள் இரண்டு வருடம். அது முடிவதற்குள் நான் உயர்தரப் பரீட்சை எழுதிப் போய்விடுவேன். எனக்குப் பின் வரும் மாணவி தன் சாவியை உருவாக்கி, அதன் பொதுச் சாவியை ஒரு பொதியாக்கி, என் சாவியின் கையொப்பத்தோடு இருபது கணினிகளுக்கும் அனுப்ப வேண்டும். டெபியனும் தன் புதிய சாவிகளை அப்படித்தான் அனுப்புகிறது. பழைய சாவி காலாவதியாகிவிட்டால், அவள் பென் டிரைவோடு ஒவ்வொரு கணினியாக ஏறி இறங்க வேண்டியதுதான்.