பால் பிடிக்கும் பருவத்தில் நீரை நிறுத்தலாமா?

குன்றத்தூர், செம்பரம்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலைகளும் வீட்டு மனைகளும் விளைநிலத்தைச் சுருக்கி வந்தாலும், நெல் சாகுபடி நின்றுவிடவில்லை. நவரைப் பட்டத்தில் கதிர் வாங்கும் வேளையில்தான் ஏரி, கிணறுகளில் நீர் தாழத் தொடங்கும். அறுவடை இயந்திரம் இறங்க நிலம் காய வேண்டுமே என்று, பூத்து முடிந்ததும் நீரை நிறுத்திவிடுவோரும் உண்டு. இது கைக்கு எட்டிய மகசூலைப் பதராக்கும் செயலாகும். காரணம் பயிரின் உடலுக்குள்ளேயே இருக்கிறது.

நீர் ஏறும் வழி

நெற்பயிரின் வேர், தண்டு, இலை முழுவதும் இருவகை நுண்குழாய்கள் அருகருகே ஓடுகின்றன. ஒன்று சைலம், நீரும் அதில் கரைந்த தாது உப்புகளும் மேலேறும் பாதை. மற்றது புளோயம், இலையில் தயாராகும் சர்க்கரை செல்லும் பாதை.

இலைத்துளைகளின் வழியே நீர் ஆவியாகும்போது, சங்கிலிக் கண்ணிகள் போல் ஒன்றையொன்று பற்றியுள்ள நீர்த்துகள்கள் வேரிலிருந்து மேலே இழுக்கப்படுகின்றன. இதை டிக்சன், ஜோலி என்னும் விஞ்ஞானிகள் 1894இல் அயர்லாந்தில் விளக்கினர். வேர் உறிஞ்சும் நீரில் 100க்கு 95 பங்குக்கு மேல் இவ்வாறே ஆவியாகிவிடும்.

சர்க்கரை செல்லும் வழி

1930இல் ஜெர்மானிய விஞ்ஞானி முன்ச் கூறிய விளக்கமே இன்றும் பொதுவாக ஏற்கப்படுகிறது. இலையில் உருவான சர்க்கரை புளோயத்தில் சேர்ந்ததும், பக்கத்துச் சைலத்திலிருந்து நீரை உள்ளிழுக்கிறது. அங்கே அழுத்தம் கூடுகிறது. மணிகளின் பக்கம் சர்க்கரை இறங்கிவிடுவதால் அழுத்தம் குறைவு. ஆகவே சாறு இலையிலிருந்து மணியை நோக்கிப் பாய்கிறது. மணிக்குள் அது மாவுச்சத்தாக மாறுவதையே உழவர்கள் பால் பிடித்தல் என்பர்.

ஆக, சர்க்கரையைச் சுமந்து செல்வது நீரே. வயல் வறண்டால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். சர்க்கரை உற்பத்தி குறையும். உற்பத்தியானதும் சரிவர நகராது. அரை மணியும் பதரும் மிஞ்சும்.

குழாய்களின் பகைவர்கள்

தண்டுத் துளைப்பான் புழு தண்டைக் குடைந்து பாதையை அறுப்பதால் கதிர் வெளுத்து, இழுத்தால் கையோடு வரும். புகையான் புளோயத்திலிருந்து சர்க்கரைச் சாற்றை உறிஞ்சுகிறது. பாக்டீரியா இலைக்கருகல் நோய்க் கிருமி சைலத்தில் பெருகி நீர்ப்பாதையை அடைக்கிறது. வெண்கதிர் தோன்றியபின் மருந்தடித்துப் பயனில்லை; முன்னதாகவே முட்டைக் குவியல்களைச் சேகரித்து அழிக்க வேண்டும். தழைச்சத்தை அளவோடு இடுவது மூன்றுக்கும் நல்லது.

செய்ய வேண்டியவை

வெப்ப நாடுகளில் நெல் பூத்ததிலிருந்து முற்றுவதற்குச் சுமார் 30 நாட்கள் ஆகும். இதில் முதல் 20 நாட்கள் வயல் வெடிக்காமல் ஈரம் காக்க வேண்டும். நீர் குறைவாயின் ஆழமாகக் கட்ட வேண்டியதில்லை. மேலாகப் பாய்ச்சினாலே போதும். புகையான் தென்படும் வயலில் மட்டும் தேங்கிய நீரை வடித்து, மண் ஈரத்தைக் காத்து வரலாம். கதிருக்கு உணவளிப்பதில் மேல் மூன்று இலைகளே முதன்மையானவை. கொடி இலையை மாட்டுத் தீவனத்துக்கென்று கிள்ளலாகாது.

அறுவடைக்குச் சுமார் 10 நாட்களுக்கு முன் நீரை வடித்தால், மணியும் முற்றும், இயந்திரமும் இறங்கும். அதற்கு முன்பாக மடையை அடைப்பவர், மணிக்குப் போகும் பாலை அடைப்பவரே ஆவார்.